புதுச் செயற்குழு உறுப்பினருக்கு முதல் தொண்ணூறு நாள்

நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்கிறது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. மார்ச் 31-இல் கணக்கை முடிக்கும் சங்கத்துக்கு செப்டம்பர் 30 தான் கெடு. ஆடிட்டரிடம் கையெழுத்து வாங்குவதற்கே ஆகஸ்ட் போய்விடும் என்பதால் வட சென்னையில் பாரிமுனை, ராயபுரம், பெரம்பூர் பக்கத்துத் தொழில்முறைச் சங்கங்கள் (பொறியாளர், மருந்தாளுநர், வரி ஆலோசகர் போன்றவர்களுடையவை) பலவும் செப்டம்பர் கடைசி ஞாயிறுகளில்தான் பொதுக்குழு வைக்கின்றன. புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது, ஹாலும் சுலபமாகக் கிடைக்கும். செயற்குழுத் தேர்தல் முடிந்து, பெயர் வாசித்து, பொன்னாடை போர்த்தி, சைவச் சாப்பாட்டோடு எல்லோரும் கலைந்துவிடுவார்கள்.

மறு வாரம் அக்டோபர் பிறந்துவிடும். செப்டம்பரில் டிடிஎஸ் (நாம் கொடுக்கும் பணத்திலேயே பிடித்துவைக்கும் வருமான வரி) பிடித்திருந்தால் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். காலாண்டு டிடிஎஸ் படிவத்துக்கும், தணிக்கைக்கு உட்பட்ட சங்கமாக இருந்தால் வருமான வரிக் கணக்குக்கும் வழக்கமாக 31-ஆம் தேதி கடைசி. நடுவில் ஆயுத பூஜை, பின்னாலேயே தீபாவளி. மாதப் பிற்பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வியாசர்பாடி, கணேசபுரம் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும், கூட்டம் தள்ளிப்போகும். புதிதாக வந்தவர் சங்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டிய மாதமும், பழையவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதமும் ஒன்றாகவே இருக்கிறது. அப்போதுதான் செயலாளர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும்: “அவருக்கு எங்க சார் தெரியும், இந்த ஒரு தடவை நானே முடிச்சிடறேன்.” சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் ஒரு நல்ல உறுப்பினர் கையைவிட்டுப் போவது அந்த வார்த்தையில்தான் தொடங்குகிறது.

அதன் பிறகு நடப்பது எல்லாச் சங்கத்திலும் ஒரே மாதிரிதான். முதல் கூட்டத்தில் புதியவர் வாய் திறப்பதில்லை. இரண்டாம் கூட்டத்துக்கு அரை மணி நேரம் தாமதமாக வருகிறார். மூன்றாம் கூட்டத்தன்று வாட்ஸ்அப்பில் “ஊரில் இல்லை சார், மன்னிக்கவும்” என்று ஒரு வரி வருகிறது. ‘ஆர்வம் இல்லாதவர்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆர்வம் இல்லாதவர் தேர்தலிலேயே நிற்கமாட்டார். கூட்டத்தில் எல்லோரும் ‘அந்த எஃப்டி மேட்டர்’, ‘போன வருஷ மலர் கணக்கு’ என்று பேசிக்கொண்டே போகிறார்கள். அது என்னவென்று கேட்டால் தெரியாதவர் ஆகிவிடுவோமோ என்று அவர் சும்மா இருக்கிறார். அதுதான் நிஜமான காரணம். அதனால் முதல் கூட்டத்துக்கு முன்பே மூன்று விஷயம் அவருக்குக் கிடைத்துவிட வேண்டும்: படிக்க ஒரு கோப்பு, கேட்க ஓர் ஆள், செய்ய ஒரு வேலை. மற்ற வரவேற்பெல்லாம் அதற்குப் பிறகு.

பெயர் அறிவித்த வாரம்

செயற்குழு மாறிய செய்தியை மூன்று மாதத்துக்குள் படிவம் 7-இல் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தப் பகுதிச் சங்கங்களில் பலவற்றுக்கு அது ராஜாஜி சாலையில் உள்ள வட சென்னை மாவட்டப் பதிவாளர் அலுவலகம். மூன்று மாதம் இருக்கிறதே என்று விட்டால் டிசம்பர் கடைசி வாரத்தில் போய் நிற்க நேரிடும். படிவத்தில் ஒரு சின்னப் பிழை இருந்தால்கூடத் திருத்தித் தர நாள் இருக்காது. வங்கியில் கையெழுத்து மாற்றப் போனால் முதலில் கேட்பதே பதிவாளர் அலுவலகத்தில் ஏற்றுக்கொண்ட படிவம் 7-இன் நகலைத்தான். ஆகவே படிவம் 7 தாமதமானால் செக் தாமதம், செக் தாமதமானால் அலுவலக உதவியாளரின் சம்பளம் தாமதம்.

பொதுக்குழு நடந்த அன்றே, சாப்பாட்டுக்குப் போகும் முன், புதியவர்களிடம் பான், ஆதார் நகல், இரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோ, பொறுப்பேற்கச் சம்மதக் கடிதம் நான்கையும் வாங்கிவிடுவது நல்லது. வேட்புமனுவோடு சேர்த்தே கேட்டு வாங்கினால் இன்னும் சுலபம். வாங்கும்போது இனிஷியலைப் பாருங்கள். நம் ஊரில் படிவம் திரும்பி வருவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. மினிட்ஸில் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு) ‘எஸ். கண்ணன்’ என்று எழுதியிருக்கும், பானில் ‘கண்ணன் சுப்பிரமணி’, ஆதாரில் ‘சுப்பிரமணி கண்ணன்’. மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், வங்கியின் கணினிக்குத் தெரியாது. பானில் எப்படி இருக்கிறதோ அப்படியே மினிட்ஸ், படிவம் 7, வங்கி விண்ணப்பம் மூன்றிலும் எழுதுவது என்று ஒரே முடிவாக வைத்துக்கொள்ளலாம். வீட்டு முகவரியிலும் இதே தொல்லை உண்டு: பழைய எண், புது எண் இரண்டையும் ஆதாரில் உள்ளபடியே எழுத வேண்டும். ஒன்றை விட்டால் கேள்வி வரும்.

கோப்பில் என்ன இருக்க வேண்டும்

முதல் செயற்குழுக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பாகவாவது கோப்பு கைக்குப் போய்ச் சேர வேண்டும். நாற்பது தாளுக்குள் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் பதினெட்டு பிடிஎஃப் அனுப்புவதைக் கோப்பு கொடுத்ததாக எண்ணிக்கொள்ள வேண்டாம். அதை யாரும் திறப்பதில்லை. துணைவிதிகள், கடந்த ஓராண்டு செயற்குழு மினிட்ஸ், தணிக்கை செய்த கடைசிக் கணக்கு, இந்த ஆண்டு இதுவரையிலான வரவு செலவு ஒரே தாளில், முடியாமல் கிடக்கும் விவகாரங்கள் ஒரு தாளில், ஓராண்டுக் கெடு நாள்கள் ஒரு தாளில், செயற்குழுவினர் தொலைபேசிப் பட்டியல். இவ்வளவுதான். சங்கத்தின் வெள்ளி விழா மலரை இதோடு சேர்த்துக் கொடுத்தால் அவர் அதைத்தான் புரட்டுவார்.

‘முடியாமல் கிடக்கும் விவகாரங்கள்’ தாள்தான் பெரும்பாலான கோப்புகளில் இருப்பதில்லை. எழுதச் சங்கடம். ஹால் ஓனரோடு அட்வான்ஸ் தகராறு, பதில் போடாத வருமான வரி நோட்டீஸ், மூன்று ஆண்டாகச் சந்தா கட்டாமல் வாக்குரிமை கேட்கும் உறுப்பினர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி போதும்: என்ன விஷயம், இப்போது எந்த நிலை, அடுத்த தேதி என்ன. யார் தப்பு என்று எழுத வேண்டாம். புதியவர் ஒரு தரப்பின் வாயிலாக அதைக் கேள்விப்படுவதற்கு முன் காகிதத்தில் பார்த்துவிட வேண்டும், அதுதான் நோக்கம்.

துணைவிதிகளைக் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. சங்க அலுவலக அலமாரியில் இருக்கும் ஜெராக்ஸ் எந்த ஆண்டுடையது என்று பாருங்கள். துணைவிதித் திருத்தத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்த பொதுக்குழுவில் வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. அப்படி நிறைவேறினாலும் பதிவாளரிடம் பதிவான பிறகுதான் அது செல்லும். பொதுக்குழுவில் கைதட்டி நிறைவேற்றிவிட்டுப் பதிவு செய்யாமலே விட்ட திருத்தங்களை நம்பி ஆண்டுக்கணக்கில் நடக்கும் சங்கங்கள் உண்டு. பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் ஒன்று வாங்கி, அதையே மூலமாக வையுங்கள்.

முழுத் துணைவிதிகளையும் வரிவரியாகப் படிக்கச் சொன்னால் யாரும் படிக்கமாட்டார்கள். நான்கு இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள். ஒன்று, கோரம், அதாவது கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச ஆள், எத்தனை பேர். இரண்டு, செயலாளர் தன்னிச்சையாக எவ்வளவு செலவு செய்யலாம், எதற்கு மேல் செயற்குழுத் தீர்மானம் வேண்டும். மூன்று, செக்கில் யார் யார் கையெழுத்து. நான்கு, தொடர்ந்து எத்தனை கூட்டம் வராவிட்டால் பதவி போகும். இந்த நான்காவதைப் பலர் பதவி போன பிறகுதான் படிக்கிறார்கள். பதவிக்காலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டு வரலாம்.

ஞாயிறு காலை, இரண்டு மணி நேரம்

கோப்பு கொடுத்த ஒரு வாரத்தில் ஓர் அறிமுக அமர்வு. புதியவர்கள், தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் சேர்த்து ஏழெட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். பத்தரைக்குத் தொடங்கி பன்னிரண்டரைக்கு முடித்துவிட வேண்டும். இடம் மெட்ரோவுக்குப் பக்கமாக இருந்தால் எல்லோருக்கும் நல்லது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் வந்த பிறகு திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்திலிருந்து வருபவர்கள் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டாமல் மண்ணடியில் வந்து இறங்கிவிடலாம். வார நாளில் மாலை ஏழு மணிக்குத் தம்பு செட்டித் தெருவில் கூட்டம் வைத்து ஒன்பதுக்கு முடிப்பது பலருக்குப் பழக்கம். கடைகள் சாத்திய பிறகு அந்தத் தெருக்கள் எப்படி இருக்கும் என்று பாரிமுனையில் வேலை பார்க்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வார். பெண் உறுப்பினர்கள் ஏன் நிற்பதில்லை, நின்றாலும் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த ஒன்பது மணியில் இருக்கிறது. மீதிப் பாதி, அவர்களுக்குக் குத்துவிளக்கு, வரவேற்பு மேசை, சிறப்பு விருந்தினருக்குப் பூங்கொத்து என்று மட்டும் வேலை பிரிப்பதில் இருக்கிறது. இதை உடனே நிறுத்த வேண்டும்.

அமர்வில் சங்க வரலாற்றைக் கடைசியில் வையுங்கள். முதலில் பணம். பொருளாளர் ஒரு தாளை எடுத்து, வங்கியில் இருப்பதில் எது நம்முடையது, எது நம்முடையதல்ல என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. 240 உறுப்பினர், ஆண்டுச் சந்தா ரூ.1,500 என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் கட்டினால் ரூ.3,60,000. வங்கியிலும் எஃப்டியிலும் (நிலையான வைப்பு) சேர்த்து ரூ.11,40,000 இருக்கிறது. புதியவர் இந்தப் பதினொரு லட்சத்து நாற்பதாயிரத்தைப் பார்த்ததும் ‘ஏசி போடலாமே, ப்ரொஜெக்டர் வாங்கலாமே’ என்பார். அவர் கேட்பதில் தப்பில்லை. இப்போது பிரிக்க வேண்டும். ஆயுள் சந்தா நிதி ரூ.7,00,000. அதன் வட்டியை மட்டும் தொடலாம், அசலைத் தொடக் கூடாது என்று துணைவிதி சொல்கிறது. கட்டட நிதி ரூ.2,50,000. கொடுத்தவர்கள் கட்டடத்துக்கென்றே கொடுத்தது. அடுத்த ஆண்டுச் சந்தாவை முன்கூட்டிக் கட்டியவர்கள் பணம் ரூ.60,000. மூன்றும் சேர்ந்து ரூ.10,10,000. மிச்சம் ரூ.1,30,000. மாதா மாதம் அலுவலக வாடகை ரூ.9,000, உதவியாளர் சம்பளம் ரூ.12,000, கரண்ட், போன், காகிதம் ரூ.2,500, ஆக ரூ.23,500. கையில் இருப்பது ஐந்தரை மாதச் செலவுக்கான பணம்.

இந்தக் கணக்கை அவர் கையாலேயே பேனா பிடித்துக் கழிக்கச் செய்யுங்கள். கழித்துப் பார்த்தவர் அடுத்த மூன்று ஆண்டும் சரியான கேள்விகளைக் கேட்பார்: “சார், இந்த வருஷம் எத்தனை பேர் சந்தா பாக்கி? எஃப்டி எப்ப முதிர்வு? ரசீது யார் பேர்ல இருக்கு?” அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். வைப்பு ரசீது சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். முன்னாள் நிர்வாகிகளின் சொந்தப் பெயரில் கூட்டாகப் போட்டு வைத்திருப்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அவர்களில் ஒருவர் காலமானால் வாரிசுச் சான்றிதழ்வரை போய்விடும்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 12ஏ பதிவு (சங்க வருமானத்துக்கு வரி விலக்கு) உண்டா, 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) உண்டா, உண்டு என்றால் எந்த ஆண்டுவரை செல்லும், ஜிஎஸ்டி எண் இருக்கிறதா, டிடிஎஸ் பிடிக்கிறோமா. புதிய வருமான வரிச் சட்டம், 2025-க்கு நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1 என்பதால் பழைய பிரிவு எண்கள் மாறுகின்றன. எண்ணை மனப்பாடம் செய்வதைவிடக் கெடு நாளைச் சுவரில் ஒட்டுவது உபயோகம். செலவில் மட்டும் இரண்டு பழக்கத்தைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. ரூ.5,000-க்கு மேல் பணம் வாங்கியவர் வவுச்சரில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட வேண்டும்.

பணத்துக்குப் பிறகு மினிட்ஸ் புக். பழைய பக்கம் ஒன்றைப் புரட்டி இந்த வரியைக் காட்டுங்கள்: “ஆண்டு விழா குறித்து விவாதிக்கப்பட்டது. செயலாளர் ஆவன செய்வார்.” இதைப் படித்து எவ்வளவு செலவுக்கு அனுமதி, எப்போது முடிக்க வேண்டும், யார் ஆட்சேபித்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆடிட்டர் கேட்டாலும் பதில் இல்லை. அதே விஷயத்தை எப்படி எழுத வேண்டும் என்று பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்: “ஆண்டு விழாவுக்கு ரூ.45,000-க்கு (ரூபாய் நாற்பத்தைந்தாயிரம்) மிகாமல் செலவு செய்யத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள் கீழே. மூன்று கேட்டரரிடம் விலைப்புள்ளி வாங்கும் பொறுப்பு இணைச் செயலாளருக்கு, நவம்பர் 10-க்குள்.” பக்கத்துக்கு எண் இருக்க வேண்டும், தாளைக் கிழிக்கக் கூடாது, பிழை வந்தால் ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம். மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் பதிவு செய்யச் சொல்லும் உரிமை புதியவருக்கும் உண்டு என்பதை இந்த இடத்தில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், எல்லோரும் கைதூக்கும்போது தானும் தூக்க வேண்டும் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

கடைசிப் பத்து நிமிடம் வரலாற்றுக்கு. அதில் ஒரு தெளிவு மட்டும் வட சென்னையில் தேவைப்படுகிறது. இங்கே ‘சங்கம்’ என்றால் பலர் மனதிலும் முதலில் வருவது தொழிற்சங்கம். பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று நடத்திய சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பிறந்த மண் இது. அப்பாவோ தாத்தாவோ அந்தப் பாரம்பரியத்தில் வந்தவர்கள் நிறையப் பேர். தொழிற்சங்கம் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தில் வரும், முதலாளியிடம் சம்பளம் பேசும். பொறியாளர், மருந்தாளுநர், வரி ஆலோசகர், கஸ்டம்ஸ் தரகர் போன்றவர்களின் தொழில்முறைச் சங்கம் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிவானது. தொழிலின் தரம், பயிற்சி, நெறிமுறை, அரசுத் துறைகளிடம் பொதுவான கோரிக்கை, இவைதான் அதன் வேலை. ஒரு உறுப்பினருக்கும் அவர் வாடிக்கையாளருக்கும் நடக்கும் ஃபீஸ் தகராறில் லெட்டர்பேடில் கடிதம் எழுதித் தரும் அதிகாரம் எந்தச் செயற்குழு உறுப்பினருக்கும் கிடையாது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

ஓடிபி யாருக்குப் போகிறது

பழைய நிர்வாகிகள் புதியவர்களிடம் சாவியையும் சீலையும் கொடுத்துவிட்டால் பொறுப்பு மாற்றம் முடிந்தது என்று நினைப்பது அந்தக் காலம். இப்போது சங்கத்தின் உண்மையான சாவி, ஓடிபி வந்து விழும் மொபைல் எண். வங்கிக் கணக்கோடு இணைந்த எண் முன்னாள் பொருளாளருடையது, வருமான வரித் தளத்தில் இருப்பது அதற்கும் முந்தைய செயலாளருடையது, ஜிமெயிலை மீட்கும் எண் எவருடையது என்றே தெரியாது. இப்படித்தான் பல இடத்தில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் மகன் வீட்டுக்கு வெளிநாடு போய்விட்டால் அக்டோபர் 31 அன்று கணக்குத் தாக்கல் செய்ய முடியாமல் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சங்கத்துக்கென்று தனி சிம் ஒன்று, சாதாரண பட்டன் போன் ஒன்று, இரண்டும் அலுவலகத்திலேயே. ரீசார்ஜ் தேதி கெடு நாள் தாளில் இருக்க வேண்டும். பல மாதம் விட்டுவிட்டால் எண் வேறொருவருக்குப் போய்விடும், அதோடு ஓடிபியும். வங்கி, வருமான வரித் தளம், டிடிஎஸ் தளம், ஜிஎஸ்டி, பதிவுத்துறை இணையதளம், மின்னஞ்சல், சங்க இணையதளத்தின் பெயர்ப் பதிவு, மின் இணைப்பு எண், மேசையில் வைத்திருக்கும் யுபிஐ கியூஆர் அட்டை, வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போட்டு, எந்த எண், எந்த மின்னஞ்சல், மாற்றியாகிவிட்டதா என்று மூன்று கட்டம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை மட்டும் கைமாற்றக் கூடாது. அது அந்த நபரின் கையெழுத்து. புதிதாகக் கையெழுத்திட வேண்டியவர் தன் பெயரிலேயே வாங்க வேண்டும்.

பொருள்களை ஒப்படைக்கும் பட்டியல் மூன்று நகல், இரண்டு தரப்புக் கையெழுத்தோடு. பீரோ, கணினி, நாற்காலியை எல்லோரும் எழுதுவார்கள். எழுதாமல் விடுவது பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்களின் வரிசை எண்களை. 1401 முதல் 1500 வரை எழுதாத ரசீது யாரிடம் இருக்கிறது என்று தெரியாத சங்கத்தில் சந்தாக் கணக்கு ஒருநாளும் நேராகாது. பாதி எழுதிய புத்தகம் இருந்தால் கடைசி ரசீது எண்ணைக் குறித்து, அதற்குக் கீழே இருவரும் கையெழுத்திடுங்கள்.

வங்கியில் கையெழுத்து மாறும்வரை ஓர் இடைவெளி இருக்கும். அந்த நாள்களில் பழைய கையெழுத்துத்தான் செல்லும். முதல் செயற்குழுவிலேயே, எந்தெந்தச் செலவுக்குப் பழைய கையெழுத்தாளர்கள் செக் போடலாம் என்று வாடகை, சம்பளம், வரி ஆகியவற்றைத் தொகையோடு குறித்துத் தீர்மானம் போட்டுவிட்டால், செக் அடிக்கட்டையில் தீர்மான எண்ணை எழுதிக் காரியம் நடத்தலாம். அதைச் செய்யாமல், வெளியூர் போகும் முன் ஐந்து வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவது மிகப் பழைய வழக்கம். புதியவரிடம் யாராவது அப்படிக் கேட்டால் ‘மாட்டேன்’ என்று சொல்லலாம் என்பதைத் தலைவரே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவைக்க வேண்டும்.

கேட்க ஓர் ஆள், செய்ய ஒரு வேலை

ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு துணை. தலைவரும் செயலாளரும் வேண்டாம், அவர்களிடம் சின்னக் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். ஒரு முழுப் பதவிக்காலம் இருந்தவர், தற்போதைய எந்தச் சண்டையிலும் தரப்பு எடுக்காதவர் நல்லது. அவர் வேலை மூன்று போன் கால். முதல் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன் நிகழ்ச்சி நிரலைப் பொருள் பொருளாக விளக்க ஒன்று. கூட்டத்துக்கு மறுநாள், “எது புரியல?” என்று கேட்க ஒன்று. ஒரு மாதம் கழித்து, எடுத்த வேலை எங்கே நிற்கிறது என்று கேட்க ஒன்று. இரண்டாவது போன்தான் பெரிய விஷயம். கூட்டத்தில் கேட்காத கேள்வி அதில்தான் வரும்.

வேலை சின்னதாக, நாற்பத்தைந்து நாளில் முடிவதாக, முடிந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். இருபது பேர் சந்தா பாக்கிப் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் பேசி, யார் கட்டுவார், யார் தொழிலை விட்டார், யார் நம்பர் மாறிவிட்டது என்று எழுதிவரச் சொல்லலாம். இருபது உறுப்பினரோடு பழக்கமும் ஆகிவிடும். அடுத்த பயிற்சி வகுப்புக்குப் பேச்சாளரை ஏற்பாடு செய்வது இன்னொன்று. கொடுக்கவே கூடாத முதல் வேலை, மலருக்கு விளம்பரம் பிடிப்பது. புதியவர் தன் நண்பர்கள், சொந்தக்காரர்களிடம்தான் போய் நிற்பார். நான்காவது ஆள் முகம் சுளித்ததும் சங்கம் என்றாலே அவருக்குக் கசந்துவிடும்.

வேலை கொடுத்தவுடன் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். செயற்குழுவில் அச்சகம் வைத்திருப்பவர் இருக்கலாம், கேட்டரிங் செய்பவரின் மைத்துனர் இருக்கலாம். அவர்கள் சம்பந்தப்பட்ட பொருள் வரும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியே போய்விட வேண்டும், போனார் என்று மினிட்ஸில் எழுத வேண்டும். விலைப்புள்ளி மூன்று வேண்டும். இதில் யாருக்கும் அவமானம் இல்லை, நேர்மையானவரைப் பாதுகாப்பதே இந்த வழக்கம்தான். உறுப்பினர் பெயர், மொபைல் பட்டியலும் அப்படியே: இன்சூரன்ஸ் ஏஜென்ட் கேட்டாலும் சரி, தேர்தல் நேரத்தில் வேட்பாளர் ஆள் கேட்டாலும் சரி, கொடுக்கக் கூடாது.

கூட்டத்தில் புதியவர் முதல் கேள்வி கேட்கும்போது தலைவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த கேள்வி வரும், வராது. “அதெல்லாம் பழைய கதை சார், அப்புறம் சொல்றேன்” என்றால் அங்கேயே முடிந்தது. நேரம் இல்லாவிட்டால், “இது கோப்புல ஏழாவது தாள்ல இருக்கு, மாலை கூப்பிட்டுச் சொல்றேன்” என்று சொல்லி, மாலையில் கூப்பிடவும் வேண்டும்.

டிசம்பர் மூன்றாம் வாரத்துக்குள் படிவம் 7 ஏற்கப்பட்ட நகல் கோப்பில் ஏறியிருக்க வேண்டும், வங்கியில் புதுக் கையெழுத்து செல்ல வேண்டும், சந்தா பாக்கிப் பட்டியல் திரும்பி வந்திருக்க வேண்டும். அந்த வாரத்தில் துணையும் புதியவரும் ஒரு அரை மணி நேரம் உட்காரட்டும். கொடுத்த கோப்பை அவரையே எடுத்துவரச் சொல்லுங்கள். எந்தத் தாளைப் புரட்டவே இல்லை, எந்தத் தாள் இல்லாமல் தவித்தார், எந்தச் சொல் கடைசிவரை புரியவில்லை என்று அவர் கையால் ஓரத்தில் எழுதட்டும். அடுத்த செப்டம்பரில் புதிதாக வருபவருக்குக் கோப்பு தயாரிக்கும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.